"கியர் பாக்ஸ் போயிருச்சு" என்று சொன்னால்: கடன் தீர்மானம் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "மேடம், வண்டியில மூணாவது கியர் நிக்க மாட்டேங்குது. போட்ட உடனே தானா வெளியே வந்துருது. சத்தம் வேற ஊரைக் கூட்டுது. பட்டறையில கேட்டா கியர் பாக்ஸ் போயிருச்சு, இருபத்தெட்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க. நாளைக்குக் கூட்டம் போடலாமா?"

பேசியது தாயில்பட்டியில் காராச்சேவு போடும் குழுவின் ஊக்குநர் அக்கா. அந்தக் குழுவைப் பலருக்கும் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு பேர் சேர்ந்து சேவும் சீவலும் போட்டு வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி கடைகளுக்குத் தாங்களே கொண்டு போய்ப் போடுகிறவர்கள். அதற்காகப் பழைய மாருதி 800 ஒன்றை 48,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். 2004 மாடல். இரண்டு பேர் லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள். வருஷத்தில் பெரிய வியாபாரம் தீபாவளிக்குத்தான். அந்த நேரத்தில் வண்டி படுத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கணக்குப் புத்தகம், வங்கி இணைப்பு, ரத்தசோகை என்றுதான் எழுதுவேன். இந்த முறை கியர் பாக்ஸ். நம் கூட்டமைப்பில் வண்டி வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் இப்போது நிறைய. வண்டி ரிப்பேர் என்று அவசரக் கடன் கேட்டு மனு வந்தால், தீர்மானப் புத்தகத்தில் தொகையை எழுதுகிறோமே தவிர, என்ன கெட்டது என்று யாரும் கேட்பதில்லை. நானும்தான் கேட்டதில்லை. சமூகப்பணி படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை!

மறுநாள் கூட்டத்தில் இரண்டு கட்சி. பாதிப் பேர், "பழைய இரும்புக்குப் போட்டுட்டு லோடு ஆட்டோ வச்சுக்கலாம்" என்றார்கள். மீதிப் பேர், "கடனை வாங்கி உடனே சரி பண்ணு" என்றார்கள். நான் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் பக்கத்து ஊர்க் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரரிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கியர் விழவில்லை, கியர் பாக்ஸ் போயிருச்சு. கடைசியில் பார்த்தால் கிளட்ச் கேபிள் இழுத்துப்போய்த் தொங்கியிருக்கிறது. சில நூறு ரூபாயில் முடிந்த வேலை. அதற்குள் அவர் தோட்டை அடகு வைத்திருந்தார்.

தெரிந்தவர் சொல்லி ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த வயதான மெக்கானிக் அண்ணாச்சி முதலில், "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார். ஊக்குநர் அக்கா, "அண்ணாச்சி, வண்டி ஓட்டுறது நான். ஆர்.சி. என் பேர்ல இருக்கு. எங்கிட்டயே சொல்லுங்க" என்றார். அதன் பிறகு அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளட்ச் வேறு, கியர் பாக்ஸ் வேறு

இது இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் ஏமாறுகிறோம். தையல் மிஷின் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பாபினில் நூல் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்திவிடுவோம் இல்லையா? சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. திருகை இறுக்கினால் ஊசி மறுபடி ஓடும். காரில் கிளட்ச் செய்வது இதே வேலைதான். இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் அதன் சுற்று கியர் பாக்ஸுக்குப் போகாது, விட்டால் போகும்.

கியர் பாக்ஸ், கீழே இருக்கும் பெரிய சக்கரமும் மேலே இருக்கும் சின்னச் சக்கரமும் மாதிரி. மிஷினில் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னச் சக்கரம் பல சுற்றுச் சுற்றிவிடும். சக்கரத்தின் அளவு மாறினால் வேகமும் இழுவையும் மாறும். மாருதி 800-இல் பெரும்பாலும் முன்னால் போக நான்கு ஜோடிப் பல் சக்கரம், பின்னால் வர ஒன்று. (2000-க்குப் பிறகு ஐந்து கியர் உள்ள மாடலும் வந்தது. இது பின்னால் தேவைப்படும்.) இவை எல்லாம் ஒரு பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகின்றன. எண்ணெய் குறைந்தால் பெட்டிக்கு ஆயுள் இல்லை.

ரூபாய் செலவில்லாத சோதனைகள்

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் குற்றம் கிளட்சில். பெடலை மிதித்தும் அது முழுசாக விடவில்லை. இந்த வண்டியில் கிளட்ச் கேபிளால்தான் இழுக்கப்படுகிறது. ஆகவே முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போதே விழவில்லை என்றால், கியர் கம்பியின் இணைப்பிலோ பெட்டிக்கு உள்ளேயோ கோளாறு.

இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது, கருகின வாடை வருகிறது என்றால் அது கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குவது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எதிரே ஆள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போச்சு. ஒரு தடவை பார்த்தால் போதும். சும்மா சும்மா செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

அடுத்தது காதால் பார்ப்பது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பெடலில் கால் வைக்காமல் கேளுங்கள். 'உய்ய்' என்று ஒரு அரைப்புச் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்தவுடன் நின்றுபோனால் கியர் பாக்ஸின் முதல் தண்டில் இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். இந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அக்காவின் வண்டியில் மிதித்ததும் சத்தம் நின்றது. அண்ணாச்சி தலையை ஆட்டினார். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பல்லைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் அது சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஜாயின்ட். கியர் பாக்ஸ் என்று சொல்லி அதற்குப் பில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிவர்ஸ் போடும்போது மட்டும் 'கர்ர்' என்றால் பயப்பட வேண்டாம். முன் கியர்களில் சுற்றைச் சமன் செய்யப் பித்தளை வளையம் இருக்கும். இந்த வண்டியின் ரிவர்ஸுக்கு அது கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகு, கிளட்சை மிதித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது.

கியர் தானாக வெளியே வருவதற்கும் காரணம் பெட்டிக்கு வெளியே இருக்கலாம். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலோ, கியர் கம்பியின் புஷ் தேய்ந்திருந்தாலோ கியர் அரைகுறையாக விழுந்து வெளியே வரும். இவற்றை மாற்றுவதற்குக் கியர் பாக்ஸை இறக்கவே வேண்டாம். அக்காவின் வண்டியில் புஷ்ஷும் தேய்ந்துதான் இருந்தது. சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

கடைசிச் சோதனைதான் எனக்கு மறக்க முடியாதது. கீழே ஒரு பழைய தாம்பாளத்தை வைத்துக் கியர் ஆயிலை இறக்கினார். இரண்டு லிட்டர் அளவுக்கு வர வேண்டியது, அரை லிட்டர்கூட வரவில்லை. கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை அதற்குள் விட்டு எடுத்தார். மை மாதிரி நைசான சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம்தானாம். இதில் ஊசி ஊசியாக இரும்புச் செதில் ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தில் ஒட்டாமல் தாம்பாளத்தில் தங்கிய பொன் நிறத் தூள், பித்தளை வளையம் தேய்ந்தது.

"மோந்து பாருங்க" என்றார். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கெந்தக வாடையில்ல!" என்றார். நிஜம்தான். அழுத்தத்தில் பல்லும் பல்லும் உரசாமல் இருக்கக் கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். இன்ஜின் ஆயிலில் இந்த அளவுக்கு வாடை இருக்காது. வண்டிக்கு அடியில் ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று நம் ஊர்ப் பெண்கள் மூக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

எப்படிப் போனது என்பதும் தெரிந்தது. ஆக்சில் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆயில் சீல் கிழிந்து, மாதக் கணக்கில் சொட்டியிருக்கிறது. வண்டியை நிறுத்துவது மணல் தரையில்; சொட்டினதை மணல் குடித்துவிட்டது. எண்ணெய் குறைந்து பேரிங் காய்ந்தது. பேரிங் தேய்ந்ததும் தண்டு ஆட ஆரம்பித்தது. தண்டு ஆடியதும் பல்லும் பல்லும் நேராகப் பொருந்தவில்லை, மூன்றாவது கியர் வெளியே விழுந்தது. முந்நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரப்பர் வளையம்! வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். நம் ஊரில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்?

முதல் பட்டறைக்காரர் சொன்னது ஆக, பொய் இல்லை. கியர் பாக்ஸ் போனது உண்மை. ஆனால் அவர் எதையும் திறக்காமல், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொகை சொன்னார். அதுதான் எனக்கு வருத்தம்.

சரி செய்வதா, மாற்றுவதா, விற்பதா

மூன்று வழி. ஒன்று, அதே பெட்டியைப் பிரித்து பேரிங், பித்தளை வளையம், தேய்ந்த பல் எல்லாம் புதுசு போடுவது. பேரிங் மட்டும் போயிருந்தால் இதுதான் நல்லது. பல்லும் சேர்ந்து போயிருந்தால் ஒவ்வொன்றாக வாங்கிச் செலவு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, நல்ல நிலையில் இருக்கும் பழைய பெட்டியை வாங்கிப் பூட்டுவது. மாருதி 800, 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. முப்பது வருஷம் ஓடியதால் உடைத்து விற்கும் கடைகளில் பாகங்கள் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டை இதற்குப் பேர் போனது. நாங்கள் மதுரைக்குப் போனோம். மூன்றாவது, விற்றுவிடுவது.

விற்கலாமா என்பதற்குக் கணக்குப் போட்டோம். லோடு ஆட்டோ ஒரு நடைக்கு 600 ரூபாய், வாரம் மூன்று நடை. மாதம் ஏழாயிரத்துக்கு மேல். வண்டியின் ஆயுளையும் பார்த்தோம். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. இந்த வண்டிக்கு 2024-இல் புதுப்பித்தாயிற்று, 2029 வரை கவலை இல்லை. பதிவு முடிய ஆறு மாசம்தான் இருந்திருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன். ஆகவே நீங்களும் ஆர்.சி. தேதியைப் பார்க்காமல் பழைய வண்டிக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள்.

மதுரைக்குப் போகும்போது கழற்றின பெட்டியையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸில் லக்கேஜ் போட்டதற்குக் கண்டக்டர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் அது நல்லதாகப் போயிற்று. முதல் கடையில், "எல்லாம் ஒண்ணுதாம்மா, தூக்கிட்டுப் போங்க" என்று காட்டியது ஐந்து கியர் பெட்டி. பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்தது. போல்ட் துளைகள், தண்டின் வரிப்பல், மவுண்டிங் பிடிக்கும் இடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது கடையில் ஒத்துப்போனது. தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தோம். சொரசொரப்பு இல்லை, தண்டு மேலும் கீழும் ஆடவில்லை, உடம்பில் வெடிப்பும் பற்றவைப்பும் இல்லை. உள்ளே மிச்சமிருந்த எண்ணெயில் செதில் இல்லை. விலை 6,500. 'ஓடாவிட்டால் பத்து நாளில் மாற்றித் தருகிறோம்' என்று பில்லிலேயே எழுதி வாங்கினார் அக்கா.

பூட்டின நாள்

வேலை ஒரு பகல் பிடித்தது. பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரையும் படுக்க விடாதீர்கள், அது உங்கள் வீட்டுக்காரராக இருந்தாலும் மகனாக இருந்தாலும் சரி. கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு பக்க ஆக்சில் எல்லாம் விடுபட்ட பிறகுதான் பெட்டி இறங்கும். இறக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாயாமல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

இறக்கின பிறகு எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதில்தான் காசு இருக்கிறது. கூலியில் பெரும் பங்கு இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. கிளட்ச் பிளேட் அரைத் தேய்மானத்தில் இருக்கிறது என்று விட்டால், ஆறு மாதத்தில் மறுபடி அதே கூலி. ஆகவே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே தடவையில். வாங்கினது பழைய பெட்டி என்பதால் அதன் ஆயில் சீல்கள் எல்லாம் புதுசு. இன்ஜினின் பின் பக்க சீலும் அப்போதுதான் கைக்கு எட்டும், அதையும் மாற்றியாயிற்று. கியர் கம்பி புஷ்ஷும் போட்டோம்.

சாயங்காலம் எல்லாம் பூட்டி, பையன் சாவியைத் திருப்பப் போனான். அக்கா, "தம்பி, நில்லு. ஆயில் டப்பா சீல் உடைக்காம அப்படியே இருக்கே" என்றார். அண்ணாச்சி வெளியே போயிருந்த நேரம். எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருந்தால் அன்றைக்கே அந்தப் பெட்டியும் போயிருக்கும். பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கிறது. அந்தத் துளை வழியாக எண்ணெய் வழிய ஆரம்பிக்கும் வரை, வண்டி சமமாக நிற்கும்போது ஊற்ற வேண்டும். ஆயில் டப்பாவில் ஜி.எல். 4 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ரகத்தில் மருந்து கூடுதலாக இருந்தால் பித்தளை வளையத்துக்கு ஆகாது. கூட நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான். ஆனால் ஒன்று: பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும். பட்டாசு ஆலையில் மருந்து வேலை பார்த்துவிட்டு அதே சேலையோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

கணக்கு இது. பழைய பெட்டி 6,500, கிளட்ச் செட் 2,400, சீல்கள் 650, புஷ் 250, கியர் ஆயில் 900, கூலி 3,000, மதுரை போக்குவரத்து 420. மொத்தம் 14,120 ரூபாய். கூட்டமைப்பு கொடுத்த அவசரக் கடன் 15,000. மீதி 880-ஐ மறு கூட்டத்திலேயே ரசீதுகளோடு திருப்பிக் கட்டினார்கள். கடனை மொத்தமாகக் கையில் கொடுக்காமல், பாகங்களுக்கு ஒரு முறை, வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு கூலிக்கு ஒரு முறை என்று பிரித்துக் கொடுத்தோம். அந்த முறையை இப்போது மற்ற வண்டிக் கடன்களுக்கும் தீர்மானமாகப் போட்டிருக்கிறோம். கழற்றின பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் அதில் சேர்ந்திருக்கிறது. மாற்றினார்களா இல்லையா என்பதற்கு அதைவிட வேறு ரசீது கிடையாது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வண்டி சாத்தூர் ரோட்டில் சேவு மூட்டையோடு ஓடியது. மூன்றாவது கியர் நிற்கிறது. ரிவர்ஸ் மட்டும் அவசரப்பட்டுப் போட்டால் 'கர்ர்' என்கிறது.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்ததும் ஊக்குநர் அக்கா அந்த வண்டியையும், கழற்றி வைத்திருக்கும் பழைய பெட்டியையும் கொண்டு வருகிறார். பெட்டியைத் திறந்து உள்ளே என்ன ஆனது என்று அண்ணாச்சி காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஆர்.சி. நகலோடு வரவும். கையில் கிரீஸ் ஒட்டும், பழைய சேலை கட்டி வாருங்கள்.